வேலியை விட்டு வயலுக்கு வந்த செங்காந்தள்

திருப்பூர் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பனியன். நூல், சாயம், பின்னல் எந்திரம், ஏற்றுமதி என்று அந்நகரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சொற்கள் எல்லாம் ஆலை சார்ந்தவை. ஆனால் அதே மாவட்டத்தின் தென்கிழக்கு மூலையில், தாராபுரத்துக்குக் கிழக்கே உள்ள மூலனூர், கன்னிவாடிப் பக்கம் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் நீங்கள் போய்ப் பார்த்தால், வேறொரு ஏற்றுமதிப் பொருள் வயலில் பூத்து நிற்பதைக் காண்பீர்கள். வரிசை வரிசையாகக் கம்பி கட்டி, அதன்மேல் கொடிகள் ஏற்றப்பட்டிருக்கும். கொடி முழுவதும் தீக்கொழுந்து போன்ற மலர்கள். சில பச்சை, சில மஞ்சள், சில பாதி சிவப்பு, சில கருஞ்சிவப்பு.

பல வகைப் பூக்களைக் கலந்து நட்டிருக்கிறார்கள் என்று முதலில் தோன்றும். அப்படியன்று. எல்லாம் ஒரே செடிதான். இந்தப் பூ விரியும்போது பசுமை கலந்து இருக்கும். பிறகு இதழின் அடிப்பகுதி மஞ்சளாகவும் நுனி சிவப்பாகவும் மாறும். நாள் செல்லச் செல்ல மஞ்சள் சுருங்கிச் சிவப்பு பரவி, வாடுவதற்குமுன் இதழ் முழுவதும் கறுத்த சிவப்பாகிவிடும். ஒரு பூவின் நிறத்தைப் பார்த்தே அதன் வயதைச் சொல்லலாம்.

இதுதான் செங்காந்தள். இன்றைய பேச்சு வழக்கில் கண்வலிக்கிழங்கு. கார்த்திகையை ஒட்டிப் பூப்பதால் கார்த்திகைப் பூ. தமிழ்நாட்டின் மாநில மலரும் இதுவே. ஆங்கிலத்தில் இதனை லில்லி என்று அழைத்தாலும், தோட்டக்காரர் தொட்டிகளில் வளர்க்கும் உண்மையான லில்லி இனத்தைச் சேர்ந்ததன்று. முன்பு லில்லிக் குடும்பத்தில் சேர்த்திருந்தார்கள். டி.என்.ஏ. ஆய்வுகள் பெருகிய பின்னர் இதன் உறவினர் யார் என்பது தெளிவாகி, கோல்ச்சிக்கேசி என்ற தனிக் குடும்பத்தில் வைத்துள்ளனர். அந்தக் குடும்பப் பெயரில்தான் இம்மலரின் கதை முழுவதும் அடங்கியிருக்கிறது. அதற்குப் பின்னர் வருவோம்.

பெயர்கள் சொல்லும் செய்தி

ஒரு செடிக்கு நாட்டில் எத்தனை பெயர் உண்டோ, அத்தனை வகையில் மக்கள் அதனை உற்றுப் பார்த்திருக்கிறார்கள் என்று கொள்ளலாம். காந்தள், தோன்றி, கலப்பை, நாபிக்கொடி, தலைச்சுருளி என்று இதற்குப் பல பெயர்கள். தலைச்சுருளி என்பது இலையைப் பார்த்து வைத்த பெயர். காந்தளின் இலை நுனி நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாகிறது. பாகற்கொடியிலும் பீர்க்கங்கொடியிலும் பற்றுக்கம்பி தண்டிலிருந்து தனியே முளைக்கிறது. இங்கோ இலையே தன் நுனியால் வேலியைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கும் மாணவருக்கு இது நல்ல பாடம்.

கலப்பை என்பது கிழங்கைப் பார்த்து வைத்த பெயர். மண்ணைக் கிளறி எடுத்தால் இரண்டு கிளையாக வளைந்து, ஏர் போன்ற உருவில் கிழங்கு வரும். வடமொழியில் இதனை 'இலாங்கலி' என்பர். இலாங்கலம் என்றாலும் கலப்பைதான். தமிழ் உழவரும் வடமொழி வைத்தியரும் ஒரே உவமையைக் கண்டிருக்கிறார்கள்.

கண்வலிக்கிழங்கு என்ற பெயருக்கு, பூவை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் வலிக்கும் என்று கிராமத்தில் காரணம் சொல்வார்கள். பூவைப் பார்ப்பதால் கண் வலி வராது. ஆனால் குழந்தைகளை அந்தச் செடியிடமிருந்து எட்டி நிற்கச் செய்வதற்கு இதைவிட எளிய வழி நம் பாட்டிமாருக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே.

சங்க நூல்களில் காந்தள் குறிஞ்சி நிலத்து மலர். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அந்த வரிசையில் முதலாவது செங்காந்தள். குறுந்தொகையின் கடவுள் வாழ்த்தை அடுத்து வரும் முதற்பாட்டிலும் முருகனின் குன்றத்து மலராக இதுவே பேசப்படுகிறது. வேலன் ஆடும் வெறியாட்டோடு தொல்காப்பியம் இதனைத் தொடர்புபடுத்துகிறது. பெண்களின் மெல்விரலுக்குக் காந்தள் இதழை உவமை சொல்வது பழம்புலவர் வழக்கம். ஆனால் அழகைப் பாடியவர்களின் காலத்திலேயே நஞ்சை அறிந்தவர்களும் இருந்திருக்க வேண்டும். கிழங்கை அப்படியே பயன்படுத்தாமல் சுத்தி செய்த பிறகே கையாள வேண்டும் என்ற விதியைச் சித்த மருத்துவம் வகுத்தது. மகப்பேறு எளிதாவதற்கு அரைத்த கிழங்கை உடம்பின் மேல் பூசும் வழக்கமும் இருந்தது.

கொச்சியிலிருந்து ஆம்ஸ்டர்டாமுக்கு

17ஆம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் ஆளுநராக இருந்தவர் வான் ரீடு. மலையாள நாட்டுச் செடிகளை எல்லாம் படம் வரைந்து எழுத வேண்டும் என்று முனைந்தார். இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியர் முதலிய உள்ளூர் அறிஞர்கள் செடிகளின் பெயரையும் குணத்தையும் சொல்ல, 'ஹோர்த்துஸ் மலபாரிக்கஸ்' என்ற நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. அதன் ஏழாம் தொகுதியில் நம் காந்தள் 'மெந்தோனி' என்ற பெயரில் இடம்பெற்றது. மலையாளத்தில் இதன் பெயர் மேந்தோன்னி. நம் 'தோன்றி' என்ற சொல்லே அதில் ஒளிந்திருப்பதை நீங்கள் கவனிக்கலாம்.

அந்தச் சொல் ஐரோப்பிய வாயில் புகுந்து 'மெத்தோனிக்கா' என்ற தாவரவியல் பெயராயிற்று. சில காலம் நூல்களிலும் வழங்கியது. நாட்டு மொழிச் சொற்களை இனப்பெயராக ஏற்பதில் லின்னேயசுக்கு விருப்பம் கிடையாது. 1753இல் அவர் தம் 'ஸ்பீசிஸ் பிளாண்டாரம்' நூலில் 'குளோரியோசா சூப்பர்பா' என்று பெயரிட்டார். புகழ் மிக்கது, பெருமிதமானது என்று பொருள். அழகான பெயர்தான். எனினும் தோன்றி தோற்றுப்போனதில் எனக்குச் சிறு வருத்தம் உண்டு.

இச்செடி ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, இலங்கை வழியாகத் தென்கிழக்கு ஆசியா வரை பரவியுள்ளது. ஜிம்பாப்வே நாட்டின் தேசிய மலரும் இதுவே. அந்நாடு தென் ரொடீசியா என்று அழைக்கப்பட்ட காலத்தில், 1947இல் அங்கே வந்த இளவரசி எலிசபெத்துக்கு இம்மலர் வடிவில் வைரப் பதக்கம் ஒன்று பிறந்தநாள் பரிசாக அளிக்கப்பட்டது. ஆப்பிரிக்க வகைகளுள் ஒன்றுக்கு 'ரோத்சில்டியானா' என்று பெயர். இதன் இதழ் அகன்று, அலை குறைந்து, ஆழ்ந்த சிவப்பில் மஞ்சள் விளிம்போடு இருக்கும். ஐரோப்பியரின் கண்ணாடி வீடுகளில் தொட்டிச் செடியாகப் பெருமை பெற்றது இந்த வகைதான். நெதர்லாந்திலும், ஜப்பானின் கோச்சி மாநிலத்திலும் பூங்கொத்துக்காகக் காந்தளைப் பயிரிடுகிறார்கள். அவர்களுக்கு வேண்டியது பூ. மூலனூர் உழவருக்கோ பூ ஒரு வழிநிலைதான். அவருக்கு வேண்டியது விதை.

நஞ்சின் முகவரி

விதை எதற்கு? இதற்கு விடை தேடக் கருங்கடல் கரைக்குப் போக வேண்டும்.

இன்றைய ஜார்ஜியா நாட்டின் கருங்கடல் கரைப்பகுதிக்குப் பழங்காலத்தில் கோல்சிஸ் என்று பெயர். நஞ்சு காய்ச்சுவதில் வல்லவளான மெதேயா என்னும் மந்திரக்காரி பிறந்த நாடு என்று கிரேக்கப் புராணம் சொல்லும். அந்த நாட்டின் பெயரால் கோல்ச்சிக்கம் என்று ஒரு பூண்டு வழங்குகிறது. இலையுதிர் காலத்தில் நிலத்திலிருந்து நேரே பூ மட்டும் எழும் சிறு செடி அது. 'கௌட்' என்னும் மூட்டு நோய்க்கு இதன் கிழங்கைக் கொடுத்தால் வலி தணியும் என்பதை 6ஆம் நூற்றாண்டிலேயே டிரால்லஸ் நகர அலெக்சாண்டர் என்ற மருத்துவர் எழுதி வைத்தார். பெருவிரல் மூட்டு வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே துடிக்க வைக்கும் நோய் அது. இரத்தத்தில் மிகுதியான யூரிக் அமிலம் மூட்டில் ஊசிப் படிகங்களாகப் படிவதால் வருகிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உஸ்ஸோன் என்ற பிரெஞ்சு இராணுவ அதிகாரி கௌட் நோய்க்கு ஒரு மருந்து நீரை விற்றார். உள்ளே என்ன இருக்கிறது என்பதை வெளியே சொல்லவில்லை. அதில் உள்ளது கோல்ச்சிக்கமே என்று 1814இல் வான்ட் என்ற ஆங்கில மருத்துவர் கண்டுபிடித்துச் சொன்னார். 1820இல் பெல்லெத்தியே, காவாந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் அப்பூண்டிலிருந்து ஓர் ஆல்கலாய்டைப் பிரித்தெடுத்தனர். மலேரியாவுக்கு மருந்தான குவினைனைச் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து அதே ஆண்டில் பிரித்தவர்களும் இவர்கள்தாம். 1833இல் கைகர் என்ற ஜெர்மானியர் தாம் தூய்மைப்படுத்திய பொருளுக்குக் கோல்ச்சிசின் என்று பெயர் வைத்தார்.

இந்தக் கதைக்கும் காந்தளுக்கும் உறவு உண்டு என்பது அப்போது யாருக்கும் தெரியாது. இந்தியாவில் ஆங்கிலேய ஆட்சிக்கால மருத்துவரிடையே காந்தள் கிழங்கு நஞ்சா, இல்லையா என்பதே வாதமாக இருந்தது. சென்னையைச் சேர்ந்த மூதீன் ஷெரீப் என்ற மருத்துவர் தாமே சிறிதளவு உட்கொண்டு பார்த்து, மக்கள் அஞ்சுவது போல் அத்தனை கொடியதன்று என்று கருத்துத் தெரிவித்தார். (அவர் பிழைத்தது அளவின் சிறுமையால்தான். யாரும் இதனைப் பின்பற்ற வேண்டாம்.) 1880இல் வார்டன் என்பவர் கிழங்கிலிருந்து ஒரு கசப்புப் பொருளைப் பிரித்துச் 'சூப்பர்பைன்' என்று பெயரிட்டார். 1915இல்தான் கிளூவர், கிரீன், டுட்டின் என்ற மூவர் லண்டன் வேதியியல் கழக ஏட்டில் காந்தள் கிழங்கின் பகுப்பாய்வை வெளியிட்டு, அதில் இருப்பது கோல்ச்சிசினே என்று காட்டினர். கருங்கடல் பூண்டும் கொங்குநாட்டு வேலிக்கொடியும் ஒரே பொருளைத் தம்முள் வைத்திருந்தன. பல ஆண்டுகள் கழித்துத் தாவரவியலார் இரண்டையும் ஒரே குடும்பத்தில் சேர்த்தபோது, வேதியியலார் முன்பே கண்டுகொண்ட உறவுதான் உறுதியாயிற்று.

செல்லின் கயிறுகளை அறுக்கும் பொருள்

கோல்ச்சிசின் உடம்பில் என்ன செய்கிறது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, அதன் குரோமோசோம்கள் இரட்டிப்பாகி, இரு பக்கமும் சம பங்காக இழுத்துச் செல்லப்படுகின்றன. இழுக்கும் கயிறுகள் நுண்குழல்கள் எனப்படும். டியூபுலின் என்ற புரதத் துண்டுகள் கோத்துக் கோத்து இக்கயிறு உருவாகிறது. கோல்ச்சிசின் இந்தத் துண்டுகளோடு ஒட்டிக்கொண்டு, கயிறு நீளாமல் தடுத்துவிடும். இன்னொரு வேடிக்கை என்னவென்றால், டியூபுலின் என்ற புரதம் இருப்பதையே கோல்ச்சிசின்தான் காட்டிக் கொடுத்தது. அது செல்லுக்குள் எதனுடன் ஒட்டுகிறது என்று தேடிப்போன போரிசியும் டெய்லரும் 1967இல் அப்புரதத்தை இனங்கண்டனர்.

கயிறு இல்லாவிட்டால் என்ன ஆகும்? இரட்டித்த குரோமோசோம்கள் பிரிய முடியாமல் ஒரே செல்லில் தங்கிவிடும். 1937இல் அமெரிக்காவில் பிளேக்ஸ்லீயும் ஏவரியும் ஊமத்தை முதலிய செடிகளில் கோல்ச்சிசினைச் செலுத்தி, இவ்வாறு இரட்டைப் பங்கு குரோமோசோம் கொண்ட செடிகளை உருவாக்கிக் காட்டினார்கள். பயிர்ப் பெருக்கத்தில் இது ஒரு புதிய வாயிலைத் திறந்தது. ஜப்பானில் கிஹாரா இம்முறையில் விதையில்லாத் தர்பூசணியைப் படைத்தார். சாதாரணத் தர்பூசணியில் 22 குரோமோசோம்கள். கோல்ச்சிசின் இட்ட செடியில் 44. இரண்டையும் கலந்தால் 33. மூன்று பங்கானதால் அவை இணை சேர முடியாது. விதையும் உண்டாவதில்லை. கோடையில் கடையில் நாம் வாங்கும் விதையில்லாப் பழத்தின் பாட்டனார் வீட்டில் ஒரு நஞ்சு இருந்தது என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

கௌட் நோயில் நடப்பதும் இதே வேலைதான். மூட்டில் படிந்த படிகங்களை எதிர்க்க வெள்ளணுக்கள் படையெடுத்து வருவதால்தான் வீக்கமும் வலியும். வெள்ளணு நகர்வதற்கும் நுண்குழல் வேண்டும். கயிறு தளர்ந்தால் படை நின்றுவிடும், வலியும் அடங்கும். மாத்திரையின் அளவு அரை மில்லிகிராம்தான். மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இத்தனை குறுகிய வரப்பு உள்ள பொருள்கள் சிலவே.

அளவு மீறினால், விரைந்து பிரியும் செல்கள் எங்கெங்கு உண்டோ அங்கெல்லாம் அடி விழும். முதலில் குடலின் உட்சுவர், அதனால் கடும் வாந்தியும் பேதியும். அடுத்து எலும்பு மச்சை. பிறகு மயிர்க்கால்கள். இலங்கையில் காந்தளை நியங்கலா என்பர். அங்கே இக்கிழங்கை வள்ளிக்கிழங்கு என்று தவறாக எண்ணிச் சமைத்து உண்டு உயிரிழந்தவர்கள் பலர். 1966இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் ஏட்டில் ஓர் இலங்கை மருத்துவர், இக்கிழங்கு நஞ்சால் உடல் முழுவதும் முடி உதிர்ந்துபோன ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார். தெரியாமல் இதனைத் தின்றுவிட்டவர்க்கு வீட்டு வைத்தியம் எதுவும் கிடையாது. வாந்தி வரும் வரை காத்திராமல் உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொறங்காட்டு வேலியிலிருந்து

காங்கயம், தாராபுரம், மூலனூர்ப் பகுதி மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ளது. மழை குறைவு. இங்கே நூற்றாண்டுகளாக உழவர்கள் கொறங்காடு என்ற மேய்ச்சல் நிலங்களை வைத்துப் போற்றினர். உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை முள்வேலி. காங்கயம் மாடுகள் வளர்ந்தது இந்நிலங்களில்தான். வேலியிலே மழைக்காலத்தில் காந்தள் தானாகத் தழைத்துப் பூத்துவிட்டு, கோடையில் கொடி காய்ந்து மறைந்துவிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள் உறங்கும். மாடு மேய்ப்பவர் கண்ணுக்கு இது ஒதுக்க வேண்டிய செடி. யாரும் விதைத்ததில்லை, யாரும் விற்றதில்லை.

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. மருந்து நிறுவனங்களுக்குக் கோல்ச்சிசின் மிகுதியாக வேண்டியிருந்தது. அதே குடும்பத்துப் பொருளிலிருந்து தயோகோல்ச்சிகோசைடு என்ற தசை தளர்த்தும் மருந்தும் செய்தார்கள். காந்தள் விதையில் கிழங்கைவிட மிகுதியாகக் கோல்ச்சிசின் இருப்பது தெரிந்தது. விதையின் எடையில் நூற்றுக்கு ஒன்றை எட்டாத அளவு, ஏறத்தாழ 0.7 முதல் 0.9 வரை. நூறு கிலோ விதையைப் பிழிந்தாலும் ஒரு கிலோ கிடைக்காது. எனவே டன் கணக்கில் விதை வேண்டும். வேலிக்கொடி அவ்வளவு தராது. காட்டிலும் வேலியிலும் தோண்டி எடுத்த கிழங்குகள் வயலுக்கு வந்தன. மூலனூர், தாராபுரத்தோடு ஒட்டன்சத்திரம், மார்க்கம்பட்டி, அரவக்குறிச்சி, தொலைவில் ஜெயங்கொண்டம், வேதாரண்யம் என்று சாகுபடி பரவியது. இந்தியாவில் இப்பயிரின் பெரும்பகுதி இன்றும் தமிழ்நாட்டில்தான். வயல்கள் பெருகிய அதே காலத்தில் வேலிகளில் அது அருகியது.

ஆடியில் நடவு. ஒவ்வொன்றும் 50 முதல் 60 கிராம் எடையுள்ள கிழங்குகள் எக்டேருக்குச் சுமார் 2 டன் வேண்டும். முதல் முதலீடு இதிலேயே போய்விடும். விதை போட்டு வளர்க்கலாமே என்று கேட்பீர்கள். விதையிலிருந்து வரும் செடி பூக்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும். கிழங்கின் கொம்பு நுனியில்தான் முளை உண்டு. அது ஒடிந்தால் கிழங்கு வீண். நட்டவர்கள் முதலில் பழைய பழக்கப்படி கிளுவை, விராலி முதலிய செடிகளையே கொடிக்கு ஆதாரமாக வைத்தனர். பின்னர் கம்பி வந்தது.

ஆனால் இந்தப் பயிரில் கடினமான வேலை மகரந்தச் சேர்க்கை. காந்தள் பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஆறு இதழ்களும் மேல்நோக்கி மடங்கியிருக்கும். ஆறு மகரந்தத்தாள்கள் பக்கவாட்டில் விரிந்திருக்கும். சூல்தண்டோ அடியிலேயே செங்கோணமாகத் திரும்பி, தன் பூவின் மகரந்தத்தை விட்டு விலகி நீண்டிருக்கும். தன் மகரந்தம் தன்மேல் படாதிருக்க இயற்கை செய்த ஏற்பாடு இது. தேன்சிட்டும் பட்டாம்பூச்சியும் வந்து பூவுக்குப் பூ மாறிச் செல்லும்போது ஓரளவு காய் பிடிக்கும். வேலிக்கு அது போதும். வயலுக்குப் போதாது. ஆகவே காலை எட்டு மணி முதல் பதினொன்று வரை, பெரும்பாலும் பெண்கள், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் ஒவ்வொன்றாகத் தொட்டு வைக்கிறார்கள். பூப்பருவம் முழுவதும் நாள் தவறாமல் இது நடக்க வேண்டும். தேன்சிட்டின் வேலையைக் கூலி கொடுத்துச் செய்விக்கிறோம் எனலாம். பனியன் கம்பெனி வண்டிகள் கிராமம் கிராமமாக வந்து ஆள் ஏற்றிச் செல்லும் மாவட்டத்தில், காலைப்பொழுதில் இவ்வேலைக்கு ஆள் கிடைப்பது எளிதன்று.

நட்ட 160 முதல் 180 நாளில் காய் முற்றும். நன்கு விளைந்தால் எக்டேருக்கு 200 முதல் 250 கிலோ விதை. நடுவே கனமழை பெய்தால் இலை கருகும், கிழங்கு அழுகும். கறுப்பு உடலில் வெள்ளையும் சிவப்பும் புள்ளியிட்ட ஒரு புழு வேறு இலையைத் தின்னும். மாட்டையும் மனிதனையும் கொல்லும் இலையை அப்புழு இரைப்பை நிறையத் தின்று வளர்கிறது!

ஒரே வாடிக்கைக்காரர்

இதுவரை படித்த நீங்கள், இத்தனை மதிப்புள்ள மருந்தின் மூலப்பொருளை விளைவிப்பவர் வளமாக இருப்பார் என்று எண்ணுவீர்கள். சில ஆண்டுகளில் அப்படியும் இருந்தது. காந்தள் விதை விற்ற பணத்தில் வீடு கட்டியவர்களும் உண்டு. வேறு சில ஆண்டுகளில் விலை பாதிக்கும் கீழே சரிந்து, மூட்டையை வீட்டில் அடுக்கி வைத்துக் காத்திருந்தவர்களும் உண்டு. விதைக்கு அரசு விலை நிர்ணயம் செய்து, அரசே கொள்முதல் செய்ய வேண்டும் என்ற கோரிக்கை இப்பகுதியில் தொடர்ந்து எழுந்து வருகிறது.

கோரிக்கையின் காரணம் பயிரின் இயல்பிலேயே இருக்கிறது. சோளத்துக்கு விலை இல்லாவிட்டால் வீட்டில் சமைத்து உண்ணலாம், மாட்டுக்குப் போடலாம். முருங்கைக்கு விலை இல்லாவிட்டால் அண்டை வீட்டாருக்குக் கொடுக்கலாம். காந்தள் விதையை எவரும் உண்ண முடியாது, எந்த விலங்குக்கும் இட முடியாது, எந்தச் சந்தையிலும் கூறு கட்டி விற்க முடியாது. வாங்குபவர் சிலரே. அவர்கள் வராவிட்டால் அது வெறும் நஞ்சு மூட்டை.

வாங்குபவரின் முடிவோ எங்கோ தொலைவில் தீர்மானமாகிறது. அமெரிக்காவில் கோல்ச்சிசின் மாத்திரை நெடுங்காலமாகச் சுமார் 9 சென்டுக்கு விற்றது. 2009இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒரு நிறுவனத்தின் மாத்திரைக்கு முறைப்படி ஒப்புதலும் தனியுரிமையும் அளித்தபின், அதே மாத்திரை ஏறத்தாழ 5 டாலர் ஆயிற்று. மூலனூர்க் களத்தில் மூட்டைக்கு விலை பேசியவருக்கு அந்த 5 டாலரில் பங்கு கேட்க வழி ஏது? 2013 நவம்பரில் ஐரோப்பிய மருந்து முகமை, தயோகோல்ச்சிகோசைடு உடலில் மாறும்போது உண்டாகும் ஒரு பொருள் செல்களின் குரோமோசோம் எண்ணிக்கையைக் குலைக்கக்கூடும் என்று கூறி, அம்மருந்தைச் சில நாட்களுக்குமேல் தொடர்ந்து தரக் கூடாது என்று கட்டுப்பாடு விதித்தது. 2023 ஜூனில் இதற்கு நேர்மாறாக, மாரடைப்பு ஆபத்தைக் குறைக்க 0.5 மில்லிகிராம் கோல்ச்சிசின் மாத்திரையைப் பயன்படுத்த அமெரிக்கா ஒப்புதல் தந்தது. ஒரு கதவு பாதி மூட, இன்னொரு கதவு திறக்கிறது. ஆடி மாதம் கிழங்கை மண்ணில் வைப்பவருக்கு எந்தக் கதவு எப்போது அசையும் என்று சொல்வார் இல்லை.

தொட்டியில் வளர்க்க

இம்மலரை வீட்டில் வளர்க்க விரும்புவோர் இருப்பீர்கள். வளர்க்கலாம். கிழங்கைக் காட்டிலோ வேலியிலோ தோண்டாமல், நாற்றங்காலில் அல்லது பயிரிடுபவரிடம் வாங்குங்கள். கிழங்கு படுக்கையாக இருக்க வேண்டுமாதலால் ஆழமான தொட்டியைவிட வாய் அகன்ற தொட்டியே ஏற்றது. செம்மண், மணல், மக்கிய எரு கலந்து, அடியில் நீர் வடியும் துளை அடைபடாமல் ஓட்டுத் துண்டு போட்டு, ஆடி மாதத்தில் இரண்டு, மூன்று அங்குல ஆழத்தில் முளை ஒடியாமல் வையுங்கள். முளைக்கும் முன்பே பக்கத்தில் ஒரு குச்சியோ கம்பியோ நட்டுவிடுங்கள். பிறகு நட்டால் கிழங்கில் குத்தும். தோட்ட ஓரத்தில் வைப்பதானால், கொடியில் வெயிலும் அடி மண்ணில் நிழலும் படும் வேலியோரம் நல்லது. நீர் தேங்கக் கூடாது. மார்கழி, தையில் கொடி மஞ்சளாகி வாடும்போது செடி செத்துவிட்டது என்று தொட்டியைக் கவிழ்த்துவிடாதீர்கள். நீர் ஊற்றுவதை நிறுத்தி, தொட்டியை அப்படியே நிழலில் வைத்துவிட வேண்டும். பழைய கிழங்கு சுருங்கிப்போய், அதன் பக்கத்தில் புதிய கலப்பை ஒன்று உருவாகியிருக்கும்.

கிழங்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறையில் உள்ள வள்ளிக்கிழங்கு, சேப்பங்கிழங்குப் பக்கம் இதனை ஒருபோதும் வைக்காதீர்கள். சிறு குழந்தையோ ஆடு மாடோ எட்டும் இடத்தில் தொட்டி வேண்டாம். பூத்த முதல் நாள் காலையில் ஒரு பூவை நூல் கட்டி அடையாளம் வைத்து, அது பச்சையிலிருந்து கருஞ்சிவப்பு ஆக எத்தனை நாள் எடுக்கிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு பூக்களுக்கு மட்டும் மூலனூர்ப் பெண்கள் செய்வது போல மகரந்தம் தொட்டு வைத்து, மற்றவற்றை அப்படியே விட்டுவிட்டால், எதில் காய் பிடித்தது என்பதை ஒரு மாதத்தில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.